வெயிலில் பார்க்காத நிறம்

அந்த வேனையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க சாமி. பாக்கப் பாக்க ஏறத் தோணும். அது சாமான் ஏத்துற வேன், நமக்கில்ல. இப்படிப் புளியமரத்தடிக்கு வாங்க. மோர் குடிச்சீங்களா? இன்னொரு டம்ளர் கேளுங்க, பந்தல்ல இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. காலை நல்லா நீட்டிக்கங்க. கொப்புளமா? எங்க, காட்டுங்க. அட, இதுக்கா மொகத்தை இப்படி வச்சிருக்கீங்க? என் காலைப் பாருங்க. சரி, பாக்காதீங்க, மோர் குடிக்கிறீங்க.

முதல் தடவையா பழனிக்கு நடக்குறீங்களா? தெரியுது. போன வருஷம் நானும் இப்படித்தான் வேனைப் பாத்துக்கிட்டே நடந்தேன். காரைக்குடியில கிளம்பி சிங்கம்புணரி வரைக்கும் பாத்தேன். அதுக்கு மேல பாக்கல. ஏன்னா அதுக்கு மேல நான் நடக்கவே இல்ல.

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் மெதுவாச் சிரிங்க. அந்தா, பந்தலுக்கு அந்தப் பக்கம் பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, எல்லாரும் உக்காந்திருக்கும்போது தான் மட்டும் நின்னுக்கிட்டே மோர் குடிக்குதே ஒரு அம்மா, அது என் வீட்டுக்காரி மலர்க்கொடி. அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. ஒரு வருஷமாக் காப்பாத்திக்கிட்டு வர்றேன். நீங்க வழித்துணை, நாளைக்கு யாரோ எவரோ, அதனால உங்ககிட்ட சொல்லலாம்.

எம் பேரு பூமிநாதன். காரைக்குடியில ஒரு ஜவுளிக்கடையில பட்டு செக்ஷன். படிச்சு முடிச்சு உள்ள நுழைஞ்சவன், இன்னும் வெளிய வரல. காலையில போனா ராத்திரி கடை சாத்தித்தான் வெளிய வருவேன். ஏசி, டியூப் லைட்டு, அவ்வளவுதான் என் வானிலை. கலர்ல நான் கொஞ்சம் மாநிறத்துக்கு மேல. கொஞ்சம் என்ன, நல்லாவே மேல. கடையில பொம்பளைங்க சேலையைத் தோள்ல போட்டுப் பாக்கக் கூச்சப்பட்டா, நான் என் தோள்ல போட்டுக் காட்டுவேன். எந்தக் கலரும் எனக்கு எடுப்பா இருக்கும். அதுல எனக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன்.

முந்தின வருஷம் இவளுக்கு அக்குள் பக்கம் ஒரு கட்டி வந்துருச்சு. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில ஊசி போட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. ரிசல்ட் வர்ற அன்னைக்கு நாங்க வராண்டாவுல உக்காந்திருக்கோம். இவ என் கையைப் பிடிக்கல, எதிர்ச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. எனக்குத் தாங்கல சாமி. எந்திரிச்சு நின்னு, அத்தனை பேர் மத்தியில, "முருகா, இவளுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிரு, நான் பழனிக்கு நடந்தே வர்றேன்"னு சத்தமாச் சொல்லிட்டேன். பக்கத்துல இருந்தவங்க கூடக் கண்ணைத் தொடைச்சாங்க. அரை மணி நேரத்துல டாக்டர் கூப்பிட்டு, வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்படாதீங்கன்னுட்டாரு.

முருகன் அவன் பங்கைச் செஞ்சுட்டான். இனி என் பங்கு. நான் பஸ் ஸ்டாண்டுலருந்து வீட்டுக்கே ஆட்டோவுல போறவன்.

இவளோட அண்ணன் சோலையப்பன்தான் எங்க பாதயாத்திரைக் குழுவுக்குத் தலைவர். வயக்காட்டு உடம்பு. வருஷா வருஷம் நடப்பாரு. அவர்கிட்ட இவ, "அண்ணே, இவரைக் கூட்டிட்டுப் போ, வேண்டுதல் பாக்கி நிக்கக் கூடாது, எனக்கு அது நெஞ்சுல உறுத்திக்கிட்டே இருக்கு"ன்னு சொல்லிட்டா. மாலையைப் போட்டேன். விரதம் எல்லாம் சுத்தமா இருந்தேன், அதுல என்னைக் குறை சொல்ல முடியாது. பச்சை வேட்டி, ரெண்டு வேளைக் குளியல், பாயில படுக்கை, நெத்தி நிறையப் பட்டை.

நடக்குறதுதான் வரல.

சிங்கம்புணரியில ராத்திரி தங்கல். குதிகால்ல தோல் கழண்டு தொங்குது. விடியறதுக்கு முன்னால எல்லாரும் அரோகரா போட்டுக் கிளம்புறாங்க. "நீங்க போங்க மச்சான், நான் பின்னாடியே வர்றேன்"னேன். பின்னாடி வரத்தான் இருந்தேன், சத்தியமா. ஆனா வழியில பஸ் ஸ்டாண்டு இருந்துச்சு. ஒரு மதுரை பஸ் கிளம்புறதுக்கு உறுமிக்கிட்டு நின்னுச்சு. ஜன்னலோர சீட்டு காலியா இருந்துச்சு. பழனிக்குப் போற மனுசனுக்கு முன்னால இப்படியெல்லாம் வைக்கலாமா? அந்த டிரைவரைத்தான் நான் குத்தம் சொல்லுவேன்.

மதுரையில ஒரு லாட்ஜு. ஏசி ரூம். அங்கயும் விரதத்தை விடல, கேளுங்க. மெத்தையில படுக்கக் கூடாதுல்ல? அதனால மெத்தை மேல பாயை விரிச்சுப் படுத்தேன். ரெண்டு வேளை குளிச்சேன், வெந்நியில. குழு பழனிக்குப் போய்ச் சேர்ற அன்னைக்குப் பஸ்ல போய், மலையடிவாரத்துல கூட்டத்தோட கூட்டமாக் கலந்துக்கிறதுன்னு திட்டம். எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரு நாள் காலையில கண்ணாடியைப் பாத்தேன்.

வெயில் படாம, நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, பெண் பாக்கப் போற மாப்பிள்ளை கணக்கா இருக்கேன்! அத்தனை தூரம் நடந்த மனுசன் மொகமா இது? மச்சானோட மொகம் ஞாபகத்துக்கு வருது, ஒவ்வொரு வருஷமும் பழனி போய்ட்டு வந்தா அடுப்புக்கரி மாதிரி இருப்பாரு. அவர் போகும்போதும் அப்படித்தான் இருந்தாருங்கறது அப்ப எனக்குத் தோணல.

லாட்ஜு மொட்டை மாடியில போய் வெயில்ல நின்னேன். கொஞ்ச நேரத்துல தலை சுத்துது. மேனேஜர் ஓடி வந்து, "சாமி, குடும்பக் கஷ்டம் எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், இறங்கி வாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. அப்பதான் மாடியிலருந்து எதிர்ல ஒரு போர்டு தெரிஞ்சுது. மணப்பெண் அலங்காரம், ஆண்களுக்கும் தனி இடம் உண்டுன்னு.

உள்ள போனா ரெஜினான்னு ஒரு பொண்ணு. பச்சை வேட்டி, மாலை, பட்டையோட ஒருத்தன் வந்து நிக்கவும் காணிக்கை கேக்க வந்திருக்கேன்னு நினைச்சு சில்லறையைத் தேடுச்சு. "கஸ்டமர்மா"ன்னேன். உடனே, "வாங்க சாமி, வெயில்ல நடந்து கருத்ததை எடுக்கணுமா? ஃபேஷியலோட சேத்துப் பண்ணிரலாம்"னுச்சு.

"எடுக்கக் கூடாதும்மா. ஏத்தணும்."

"எதை?"

"கருப்புக் கலரை."

அந்தப் பொண்ணு என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. "இத்தனை வருஷத்துல இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்ல. சினிமாக்காரங்க ஒரு தடவை வந்தாங்க, வெள்ளையா இருக்குற பொண்ணைக் கிராமத்துப் பொண்ணாக் காட்டணும்னு. அப்ப வாங்கின மிஷினு உள்ள கிடக்கு. எதுக்கு சாமி உங்களுக்கு?"

"பழனிக்கு நடந்து போனேன்னு தெரியணும்."

"நடந்தே போயிருக்கலாமே சாமி?"

என்ன முறைகள் இருக்கு, எடுத்துப் போடுன்னேன்.

மூணு வழி இருக்குன்னுச்சு. முதல் வழி, மேக்கப்பு. மேல பூசிக்கிறது, உடனே கிடைக்கும், துடைச்சா போயிரும். "சாயம் போகுமா?"ன்னேன். "வேர்த்தா வழியும்"னுச்சு. பழனி மலை ஏறும்போது வழிஞ்சா? பாதிப் படியில நான் வெளுத்து நிப்பேன். வேண்டாம். ரெண்டாவது, லோஷன். தேய்ச்சு விடணும், மறுநாள் காலையிலதான் கலர் ஏறும், ஒரு வாரம் நிக்கும், அப்புறம் தானா மங்கிரும். முட்டியிலயும் முழங்கையிலயும் கூடப் பிடிக்கும், பாத்துத் தேய்க்கணும். எனக்கு அதுதான் பிடிச்சுது. ஆனா யாரு தேய்க்கிறது? "நான்தான்"னுச்சு. விரதத்துல இருக்கேன்மா, பொம்பளை கை மேல படக்கூடாதேன்னேன். நீங்களே தேய்ச்சுக்கங்கன்னுச்சு. முதுகுக்கு என் கை எட்டாது. பாருங்க, என் ஆச்சாரம் எங்க வந்து நிக்குதுன்னு.

மூணாவது, ஸ்ப்ரே. அதே மருந்தை மிஷின்ல புகை மாதிரி அடிக்கிறது. தூரத்துல நின்னே அடிக்கலாம், கை படாது. "அதையே போடு"ன்னேன்.

அப்புறம் ஷேடு கார்டு கொண்டாந்துச்சு சாமி. அங்கதான் நான் கவுந்தேன்.

லைட், மீடியம், டார்க்னு அட்டையில வரிசையா இருக்கு. நான் கலர்லயே பொழைப்பு நடத்துறவன். அரக்குக்கும் மெரூனுக்கும் நடுவுல இருக்குற கலரைக் கூடக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். "இதுல இன்னும் கொஞ்சம் அழுத்தமா உள்ள இருக்கா?"ன்னு கேட்டேன். எங்கிட்ட கஸ்டமருங்க கேக்குற மாதிரியே. "உங்க கலருக்கு மீடியமே ஜாஸ்தி சாமி"ன்னுச்சு. "கலரைப் பத்தி எனக்கே சொல்றியாம்மா, டார்க்கே அடி"ன்னேன்.

தினமும் நூறு பேருக்குச் சொல்றேன் சாமி. "அம்மா, டியூப் லைட்டுல பாத்து எடுக்காதீங்க, வாசல்ல வெயில்ல கொண்டு போய்ப் பாருங்க, அதுதான் நெசக் கலரு"ன்னு. சேலையைத் தூக்கிக்கிட்டு நானே வாசலுக்கு ஓடுவேன். அந்த அட்டையை நான் வாசலுக்குக் கொண்டு போகல. டியூப் லைட்டுக்கு அடியில உக்காந்து, என் மேலுக்குக் கலர் எடுத்தேன்.

இன்னும் இருக்கு. ரெஜினா சொல்லுச்சு, "மாலையைக் கழட்டிருங்க, நெத்தியில விபூதியை அழிச்சிருங்க." மாலை பழனியிலதான் கழட்டணும். விபூதியை அழிக்கறதா? அதுவும் தண்ணி விட்டுக் குழைச்சுப் போட்ட பட்டை. "அழிக்கக் கூடாதும்மா, இப்படியே அடி"ன்னேன். அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டு அடிச்சுச்சு. எதையோ அரைகுறையா வறுத்த வாசம் ஒண்ணு வந்துச்சு. நான் கண்ணை மூடிக் கையைக் கூப்பி முருகான்னு நின்னேன். "கையை விரிங்க சாமி, கூப்பாதீங்க"ன்னு கத்துச்சு. பழக்கம், என்ன பண்றது.

மறுநாள் வரைக்கும் குளிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புச்சு. சாயங்காலம் விரதக் குளியல் இருக்கே? குளிச்சேன். நெஞ்சுல கோடு கோடா இறங்கிருச்சு.

மறுநாள் தெருவுக்கு வந்தேன். வெயில்ல கையைப் பாத்தேன். அது கருப்பில்ல சாமி, செங்கல். காளவாயிலருந்து அப்பதான் எடுத்த செங்கல். டீக்கடையில மாஸ்டர் டீயை ஆத்துறதை நிப்பாட்டிட்டு என்னையே பாத்தாரு.

அப்படியே பஸ் ஏறிப் பழனிக்குப் போனேன். சண்முக நதியில எங்க குழு குளிச்சுக்கிட்டு இருக்கு. நைசா தண்ணியில இறங்கினேன். தலையை நிமுத்திப் பாக்குறேன், அத்தனை பேரும் போகும்போது எந்தக் கலர்ல போனாங்களோ அதே கலர்ல இருக்காங்க! ஒருத்தன் கூடக் கருக்கல. ஏன் கருக்கணும்? விடியக்காலம் ரெண்டு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு மண்டபத்துல படுத்துருவாங்க, பொழுது சாஞ்சுதான் மறுபடி நடப்பாங்க. சிங்கம்புணரி வரைக்கும் நானும் டார்ச் அடிச்சுக்கிட்டு இருட்டுலதான நடந்தேன்? அது எப்படி என் மண்டையில ஏறாம போச்சு? நிலா வெளிச்சத்துல நடந்தவங்களுக்கு நடுவுல நான் ஒருத்தன் வெந்து போய் நிக்கிறேன்.

மச்சான் என்னைப் பாத்துட்டு, "மாப்ள! எங்க போயிருந்தீங்க? என்னாச்சு மேலுக்கு?"ன்னாரு.

"உங்களைப் பிடிக்கணும்னு பகல்லயும் நடந்தேன் மச்சான். தனியா. நிக்கல."

குழு மொத்தமும் கும்பிட்டுச்சு. ரெண்டு பேரு கால்லயே விழுந்தாங்க. மச்சான் மட்டும் விழல. அவர் என் பாதத்தைக் கொஞ்ச நேரம் பாத்தாரு, அப்புறம் "சரி, வாங்க"ன்னுட்டாரு. விவசாயி, வேற என்ன தெரியும் அவருக்கு.

வீட்டுக்கு வந்தா இன்னும் வேடிக்கை. குளிச்சுட்டு வந்து நிக்கிறேன், நெத்தியில பட்டை அப்படியே இருக்கு. விபூதி பட்ட இடத்துல மருந்து ஏறல. செங்கல் நெத்தியில மூணு வெள்ளைக் கோடு. தேய்ச்சாலும் போகல. பக்கத்து வீட்டு அன்னபூரணி அக்கா பாத்துட்டு, "முருகனே கையால போட்டு அனுப்பியிருக்கான்"னு தெருவையே கூட்டிருச்சு. கடையில முதலாளி என்னை வாசல்ல உக்கார வச்சாரு. வர்றவங்க கும்பிட்டுட்டுச் சேலை எடுத்தாங்க. ஒரு அம்மா கைக்குழந்தையைக் கொண்டாந்து, விபூதி பூசி விடுங்க சாமின்னுச்சு. பூசி விட்டேன். வெக்கமே இல்லாம பூசி விட்டேன். ஒரு வாரத்துல கலர் திட்டுத் திட்டா உதிர ஆரம்பிச்சுது, பழைய சுவத்துல சுண்ணாம்பு உதிர்ற கணக்கா. அதையும் வெயில்ல தோல் உரியுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

மலர்க்கொடிதான் பாவம், ரொம்ப வெகுளி. வந்த அன்னைக்கு ஈரத் துண்டால என் கழுத்தைத் துடைச்சு விட்டா. துண்டு பழுப்பாப் போச்சு. துண்டைப் பாத்தா. என்னைப் பாத்தா. கொண்டு போய் வாளியில ஊற வச்சுட்டா. அப்புறம் காலுக்கு எண்ணெய் தேய்ச்சா. உள்ளங்காலைத் தடவிக்கிட்டே, "இவ்வளவு தூரம் நடந்த காலு, ஆஸ்பத்திரிப் பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கே"ன்னா. "எல்லாம் அவன் அருள்"னேன். அவ அழுதுட்டா. புருசன் நமக்காக இவ்வளவு கஷ்டப்பட்டானேன்னு அழுவுறா போலன்னு எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அதுக்கப்புறம் என்னமோ தெரியல, பழைய பயம் மறுபடி வந்துருச்சு அவளுக்கு. படுத்திருக்கும்போது கை தானா அக்குள் பக்கம் போகும். தடவித் தடவிப் பாப்பா. டாக்டர் சும்மா இருங்கம்மான்னு சொன்ன பிறகும் ரெண்டு தடவை மதுரைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்டா. ஒண்ணுமில்லைன்னு சொன்னாலும் நம்பல. "அதான் முருகன்கிட்ட நடந்து போய்ச் சொல்லிட்டு வந்துட்டேனே, அப்புறம் என்ன?"ன்னு நான் அதட்டுவேன். அவ மொகத்தைத் திருப்பிக்குவா.

அப்புறம் ஒரு நாள் சொன்னா, "வர்ற தைப்பூசத்துக்கு நானும் வர்றேன். ரெண்டு பேரும் நடப்போம்." வேண்டுதல் என்னோடது, உனக்கு எதுக்குன்னேன். கேக்கல. தினமும் விடியக்காலம் எழுப்பி ஊருணியைச் சுத்தி நடக்க விட்டா. நானும் நடந்தேன். என் பக்தியைப் பாத்து அவளுக்கும் பக்தி வந்துருச்சுன்னு நினைச்சேன்.

இன்னைக்கு விடியக்காலம் நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. சிங்கம்புணரி பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வர்றோம். அதே மதுரை பஸ்ஸு, அதே உறுமலு. என் வலது கால் கொப்புளம் அங்க வந்துதான் உடைஞ்சுது. அப்ப இவ வந்து என் கையைப் பிடிச்சா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ரோட்டுல வச்சு என் கையை அவ பிடிச்சதே இல்ல. ஆஸ்பத்திரியில கூடப் பிடிக்கல. எனக்குக் கூச்சமாவும் இருக்கு, சந்தோசமாவும் இருக்கு. கெட்டியாப் பிடிச்சா, வலிக்கிற அளவுக்கு. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கடைசிக் கடையையும் தாண்டி, அந்தப் பாலத்துக்கிட்ட வந்துதான் விட்டா. விட்டுட்டு, "இனிமே இருக்குற ரோடு உங்களுக்குப் புதுசு. பாத்து நடங்க"ன்னா.

அவ்வளவுதான். முன்னால போய்ட்டா.

ஏன் சாமி சிரிக்காம என்னையே பாக்குறீங்க?

...

என்ன கேட்டீங்க? புதுசுன்னு சொன்னாளான்னா?

ஆமா. அப்படித்தான் சொன்னா.

மச்சான் சொல்லியிருப்பாரு, சிங்கம்புணரிக்கு அப்புறம் ஆளைக் காணலைன்னு. அவர் என் பாதத்தைப் பாத்தப்பவே... அப்ப அந்தத் துண்டு. அப்ப அன்னைக்கு அழுதது. சாமி, அவ எனக்காக அழல. வேண்டுதல் நிறைவேறல, அந்தக் கட்டி திரும்ப வந்துரும்னு பயந்து அழுதிருக்கா. நான் ஊருக்கெல்லாம் விபூதி பூசிக்கிட்டு இருந்தேன், அவ பக்கத்துலயே படுத்துக்கிட்டு, செத்துருவோமோ செத்துருவோமோன்னு தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஒரு வருஷம். ஒரு வார்த்தை கேக்கல என்னை. கேட்டிருந்தா நான் அதுக்கும் ஒரு பொய் சொல்லியிருப்பேன்னு அவளுக்குத் தெரியும்.

எவ்வளவு பெரிய முட்டாள் சாமி நானு. எவ்வளவு கேவலமான முட்டாள்.

அந்தா, டம்ளரைக் கழுவி வச்சுட்டா. கிளம்பப் போறா. இல்ல, உக்காருன்னு சொல்லாதீங்க, வேன்காரன் கூப்பிட்டாலும் நான் இங்க இல்லைன்னு சொல்லிருங்க. அந்தத் துணியை இப்படிக் குடுங்க, காலைச் சுத்திக்கிறேன். கொஞ்சம் கையைக் குடுத்துத் தூக்கி விடுங்க சாமி. சீக்கிரம். அவ திரும்பிப் பாக்கும்போது நான் ரோட்டுல நிக்கணும்.